ராஜா இல்லாத அரண்மனை

லண்டனிலிருந்து வந்த இரண்டு ஏற்பாடுகள்: அலங்காரத் தலைவர், மேல்சபை. இரண்டும் கொல்கத்தாவில் ஒரு சுற்றுக்குள் வாழ்ந்து பார்த்தன. ஒன்று இன்னும் இருக்கிறது. மற்றொன்று 1969ல் மறைந்தது.

எஸ்பிளனேடின் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடுகிறது. பஸ் கண்டக்டர்களின் கூவலும் நடைபாதை வியாபாரிகளின் பேரமும் கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் இங்கே உயரமான தோரண வாயில். அதன் மேல் கல் சிங்கம். உள்ளே 27 ஏக்கரில் மரங்களும் புல்வெளியும். அவற்றுக்கு நடுவே தூண்களும் அகன்ற படிக்கட்டுமாக ஒரு வெள்ளை மாளிகை. இங்கிலாந்தில் டெர்பிஷயரில் இருக்கும் கெடில்ஸ்டன் ஹால் என்ற பிரபு வீட்டை மனதில் வைத்து, கேப்டன் சார்ல்ஸ் வயட் போட்ட வரைபடம். 1799ல் தொடங்கி 1803ல் கட்டி முடித்தார்கள்.

கட்டச் சொன்னவர் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி. இந்தியாவை ஆள்பவன் அரண்மனையில் இருந்துதான் ஆள வேண்டும், வியாபாரியின் கிட்டங்கியில் இருந்து அல்ல என்பது அவருடைய எண்ணம். செலவுக் கணக்கைப் பார்த்த கம்பெனி இயக்குநர்களுக்கு லண்டனில் ரத்தம் கொதித்தது. நூறு ஆண்டுகள் கழித்து இதே வீட்டில் வைஸ்ராயாகக் குடியேறிய கர்சன் பிறந்தது அந்தக் கெடில்ஸ்டன் ஹாலில்தான். அசலில் பிறந்தவர் நகலில் ஆட்சி செய்தார்.

ஒரு விசித்திரம். இந்த அரண்மனையில் எந்த ராஜாவும் குடியிருந்ததில்லை. ஐந்தாம் ஜார்ஜ் 1911ன் இறுதியில் விருந்தாளியாக வந்து சில நாள் தங்கினார், அவ்வளவுதான். மற்றபடி இங்கே வாழ்ந்தவர்கள் எல்லோரும் வேறொருவரின் பெயரால் கையெழுத்துப் போட்டவர்கள். முதலில் கம்பெனியின் பெயரால், பிறகு மகுடத்தின் பெயரால், இன்று குடியரசின் பெயரால். 'கவர்ன்மென்ட் ஹவுஸ்' சுதந்திரத்துக்குப் பின் ராஜ்பவன் ஆயிற்று. 2025 நவம்பர் இறுதியில் அந்தப் பெயரும் போய் லோக் பவன் ஆகிவிட்டது. பெயர்ப்பலகையில் ராஜாவின் இடத்தில் மக்கள் வந்துவிட்டார்கள். உள்ளே இருப்பவரின் வேலை மட்டும் அன்றும் இன்றும் ஒரே புதிர்தான்: நாற்காலியில் உட்கார வேண்டும், ஆனால் ஆளக் கூடாது.

வெல்லெஸ்லியின் மாளிகைக்கு முன்பு இந்த இடத்தில் கவுன்சில் ஹவுஸ் என்று ஒரு கட்டடம் இருந்தது. அது இடிக்கப்பட்டது. பக்கத்துத் தெருவில் மட்டும் அதன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது: கவுன்சில் ஹவுஸ் ஸ்ட்ரீட். ஆள்பவனுக்கு ஒரு கடிவாளம் வேண்டும் என்ற யோசனை இந்தியாவில் முதலில் சோதிக்கப்பட்ட இடங்களில் இந்த வட்டாரமும் ஒன்று. 1774ல் கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்ற வாரன் ஹேஸ்டிங்ஸுக்கு நான்கு பேர் கொண்ட கவுன்சிலைக் கொடுத்தது லண்டன். பெரும்பான்மை சொல்வதே முடிவு. மூன்று பேர் ஒன்று சேர்ந்து கவர்னர் ஜெனரலைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தார்கள். பகை முற்றி, 1780 ஆகஸ்டில் அலிப்பூரில் ஹேஸ்டிங்ஸும் கவுன்சிலர் பிலிப் பிரான்சிஸும் துப்பாக்கியால் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. பிரான்சிஸ் காயத்தோடு பிழைத்தார். 1786ல் கவுன்சிலை மீறும் அதிகாரம் கவர்னர் ஜெனரலுக்குக் கிடைத்தது. கடிவாளம் இறுகினால் சண்டை, தளர்ந்தால் தனியாட்சி. பின்னால் நடந்தவை எல்லாம் இந்தக் கதையின் அடுத்த அத்தியாயங்கள்.

சேலத்து வக்கீல், லண்டன் ராஜா

1947 ஆகஸ்ட் 15. வங்காளத்தின் கடைசி ஆங்கிலேய கவர்னர் பிரெடரிக் பரோஸ், ரயில்வே தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர், மாளிகையை விட்டுப் புறப்பட்டார். அதுவரை வேலிக்கு வெளியே நின்ற ஜனங்கள் அன்று உள்ளே புகுந்தார்கள். படிக்கட்டு, மண்டபம், அறைகள் எங்கும் தலைகள். அந்தக் களேபரத்துக்கு நடுவே மேற்கு வங்கத்தின் முதல் கவர்னராகப் பதவியேற்றவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி.

வரவேற்பு இனிப்பாக இல்லை. சுபாஷ் போஸோடு 1939ல் மோதியவர், பாகிஸ்தான் கோரிக்கையோடு சமரசம் பேசச் சொன்னவர் என்று வங்காளிகளுக்கு அவர் மீது கோபம். சுபாஷின் அண்ணன் சரத் போஸ் இந்த நியமனத்தை எதிர்த்தார். ராஜாஜியோ அரசாங்கத்தை நடத்தப் போகவில்லை. அது முதல்வர் பிரபுல்ல சந்திர கோஷின் வேலை. செப்டம்பரில் மீண்டும் கலவரம் வெடித்து, பெலியாகட்டாவில் ஹைதரி மன்ஸில் என்ற பழைய வீட்டில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கியபோது, வேண்டாம் என்று சொல்லிப் பார்க்க அரண்மனையிலிருந்து போனவர் ராஜாஜி. சம்மந்தி என்ற உரிமையும் இருந்தது. காந்தி கேட்கவில்லை. கலவரம் அடங்கிய பிறகே, நான்காம் தேதி உண்ணாவிரதத்தை முடித்தார்.

இங்கே பலர் மறந்துவிடும் ஒரு விஷயம். சுதந்திரம் வந்த அன்று இந்தியா குடியரசாகிவிடவில்லை. 1950 ஜனவரி 26 வரை இந்தியா ஒரு டொமினியன். அதன் ராஜா லண்டனில் இருந்த ஆறாம் ஜார்ஜ். அதாவது இரண்டரை ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக, சுதந்திர இந்தியாவே அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட முடியாட்சியாக இருந்தது. 1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் கல்யாணத்துக்காக மவுன்ட்பேட்டன் லண்டன் போனபோது தற்காலிக கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு அழைக்கப்பட்டவர் ராஜாஜி. 1948 ஜூன் 21ல் அந்தப் பதவி அவருக்கே வந்தது. சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர், உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக ஜெயிலுக்குப் போனவர், இந்திய மண்ணில் ஆங்கிலேய ராஜாவின் கடைசிப் பிரதிநிதி ஆனார். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியே இல்லை.

அந்த முடியாட்சி எப்படி ஓடியது என்பதில் ஒரு பாடம் உண்டு. ராஜா ஒரு முடிவும் எடுக்கவில்லை. அவருடைய பிரதிநிதி, நேருவின் அமைச்சரவை சொன்னபடி கையெழுத்திட்டார். யோசனை சொன்னார், எச்சரித்தார். ஏற்காவிட்டால் விட்டுவிட்டார்.

லண்டன் கடிகாரம்

பிரிட்டனில் இன்றும் இந்த ஏற்பாடுதான். மசோதா இரண்டு சபைகளிலும் நிறைவேறி மன்னரிடம் போகிறது. அவர் சம்மதம் தருகிறார். கடைசியாகச் சம்மதம் மறுக்கப்பட்டது 1708ல், ஆன் ராணி காலத்தில். மறுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மறுப்பதில்லை, அவ்வளவே. நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும்போது மன்னர் மகுடம் சூடி வந்து, பிரபுக்கள் சபையில் உட்கார்ந்து, 'என் அரசாங்கம் இதைச் செய்யும்' என்று படிக்கிறார். எழுதிக் கொடுப்பது அமைச்சரவை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரு வரியை விட முடியாது. 2024 ஜூலையில் மூன்றாம் சார்ல்ஸ், புதிதாக ஜெயித்த லேபர் கட்சியின் திட்டங்களை அப்படித்தான் வாசித்தார்.

பிரபுக்கள் சபையின் கதையும் அதே மாதிரி. 1909ல் மக்கள் சபை நிறைவேற்றிய பட்ஜெட்டையே பிரபுக்கள் நிராகரித்தார்கள். பிரதமர் ஆஸ்க்வித் சளைக்கவில்லை. தேவைப்பட்டால் நூற்றுக்கணக்கில் புதுப் பிரபுக்களை நியமிக்கிறேன் என்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜிடம் உறுதி வாங்கி மிரட்டினார். 1911 ஆகஸ்டில் பிரபுக்கள் பணிந்தார்கள். அதன்பின் பண மசோதாவை அவர்கள் ஒரு மாதம்தான் வைத்திருக்கலாம். மற்ற மசோதாக்களைத் தாமதப்படுத்தலாம், கொல்ல முடியாது. 1949லிருந்து அந்தத் தாமதமும் ஏறக்குறைய ஓராண்டு. அதே ஐந்தாம் ஜார்ஜ்தான் நான்கு மாதம் கழித்து டெல்லி தர்பாரில் நின்று, தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்தவர். வெல்லெஸ்லியின் அரண்மனை அன்றோடு மாகாண கவர்னரின் வீடாகச் சுருங்கியது.

எதிரே ஒரு சட்டசபை

லோக் பவனிலிருந்து டவுன் ஹால், ஐகோர்ட், சட்டசபை மூன்றுக்கும் நடந்தே போய்விடலாம். வங்காள சட்ட கவுன்சில் 1862ல் உருவானது. பின்னாளில் டவுன் ஹாலில் கூடியது. இப்போதைய சட்டசபைக் கட்டடத்துக்கு 1928ல் கவர்னர் ஸ்டான்லி ஜாக்சன் அடிக்கல் நாட்டினார். 1931 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 1935 சட்டத்தின்படி 1937 முதல் வங்காளத்துக்கு இரண்டு சபைகள். பஸ்லுல் ஹக் பிரதமர். மாகாணத் தலைவருக்கு அன்று அதுதான் பட்டம்.

இந்தக் கட்டடம் பார்த்த மிகப் பெரிய தினம் 1947 ஜூன் 20. வங்காளத்தைப் பிரிக்கலாமா என்று ஓட்டெடுப்பு. மேற்குப் பகுதி உறுப்பினர்கள் தனியாகக் கூடி 58க்கு 21 என்று பிரிக்கச் சொன்னார்கள். கிழக்குப் பகுதியினர் 106க்கு 35 என்று கூடாது என்றார்கள். ஒரு பகுதி கேட்டாலே பிரிவினை என்பது விதி. வங்காளம் இரண்டானது. அவ்வளவு பெரிய முடிவில் மேல்சபைக்கு ஓட்டு இல்லை. திட்டம் கீழ்சபையை மட்டுமே கேட்டது. பிரிவினையோடு அந்த மேல்சபையும் மறைந்தது.

புதிய அரசியல் சட்டத்தின் கீழ் 1952 ஜூனில் மேற்கு வங்கத்துக்கு 51 உறுப்பினர்களோடு மீண்டும் மேல்சபை வந்தது. பிறகு 75 ஆக வளர்ந்தது. அதன் தலைவராக அமர்ந்தவர் மொழியியல் மேதை சுனிதி குமார் சாட்டர்ஜி. தமிழர்கள் நன்றியோடு நினைக்க வேண்டிய பெயர். ஆட்சிமொழிக் கமிஷன் 1956ல் இந்தியைப் பற்றி அறிக்கை தந்தபோது, அவசரம் கூடாது என்று மாறுபட்டு எழுதியவர்கள் இருவர். ஒருவர் சென்னையின் பி. சுப்பராயன், மற்றவர் சாட்டர்ஜி. தேர்தலில் நின்று ஜெயிக்க மாட்டாத, ஆனால் சபையில் இருக்க வேண்டிய ஆட்களுக்கு இடம் தருவதே மேல்சபை என்ற வாதத்துக்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

எதிர் வாதத்துக்கும் சாட்சி உண்டு. அது சென்னையில். 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை கவர்னர் ஸ்ரீபிரகாசா மேல்சபைக்கு நியமித்தார், அவர் முதல்வரானார். கொல்லைப்புற வழி என்று கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி ஐகோர்ட் வரை போனார். பலிக்கவில்லை. கல்கத்தாவில் ஆளாத கவர்னராக இருந்து பேர் வாங்கியவர், சென்னையில் ஒரு கவர்னரின் கையெழுத்தால் ஆட்சிக்கு வந்தார். 1967ல் அண்ணாவும் மேல்சபை வழியாகத்தான் வந்தார். ஆனால் அவருக்குப் பின்னால் ஜெயித்த கட்சியும் பெரும்பான்மையும் இருந்தன.

விட்டுப்போன இரண்டு பாராக்கள்

அதே 1967ல் வங்காளத்திலும் காங்கிரஸ் தோற்றது. பங்களா காங்கிரசின் அஜய் முகர்ஜி தலைமையில் ஐக்கிய முன்னணி ஆட்சி. நவம்பரில் ஒரு கோஷ்டி கட்சி மாறியது. தலைமை தாங்கியவர் ராஜாஜி காலத்து முதல்வர் பிரபுல்ல சந்திர கோஷ். பலத்தை நிரூபிக்க சட்டசபையை உடனே கூட்டுங்கள் என்றார் கவர்னர் தர்ம வீரா. டிசம்பர் 18ல் கூட்டுகிறோம் என்றது அமைச்சரவை. கவர்னர் காத்திருக்கவில்லை. நவம்பர் 21ல் அமைச்சரவையை நீக்கி, கோஷை முதல்வராக்கினார்.

எட்டு நாள் கழித்து சட்டசபை கூடியது. சபாநாயகர் விஜய் பானர்ஜி எழுந்தார். பெரும்பான்மை யாருக்கு என்பதை முடிவு செய்ய வேண்டிய இடம் சபை, கவர்னர் மாளிகை அல்ல. இந்த நீக்கமும் இந்த அழைப்பும் செல்லாது என்று சொல்லி, சபையைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்திலிருந்த ஐகோர்ட்டோ, அமைச்சரவையை நீக்குவது கவர்னரின் தனி விருப்பத்துக்கு உட்பட்டது, அதில் கோர்ட் தலையிட முடியாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் கவர்னர் பக்கம், சபை எதிர்ப்பக்கம். 1968 பிப்ரவரியில் ஜனாதிபதி ஆட்சி வந்தது.

ஓராண்டு கழித்து மக்கள் பதில் சொன்னார்கள். 280 இடங்களில் 214ஐ ஐக்கிய முன்னணிக்குக் கொடுத்தார்கள். நீக்கப்பட்ட அஜய் முகர்ஜி மீண்டும் முதல்வர். நீக்கிய தர்ம வீரா இன்னும் கவர்னர். 1969 மார்ச் 6ல் அவர் சபையில் உரை நிகழ்த்த வேண்டும். அமைச்சரவை எழுதிக் கொடுத்த உரையில், 1967ல் அவர் செய்ததையே கண்டிக்கும் இரண்டு பாராக்கள் இருந்தன. லண்டன் ராஜாவாக இருந்தால் முகம் சுளிக்காமல் படித்திருப்பார். தர்ம வீரா அந்த இரண்டையும் விட்டுவிட்டு மற்றதைப் படித்தார். சபையில் அமளி. வாரங்களில் அவர் மேற்கு வங்கத்தை விட்டுப் போனார்.

அந்த மார்ச் முடிவதற்குள் இன்னொன்றும் நடந்தது. 21ம் தேதி சட்டசபை, மேல்சபை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. இடதுசாரிகளுக்கு அது செலவு, பழைய எஜமானர்களின் மிச்சம். நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆகஸ்ட் 1ல் மேல்சபை முடிந்தது. மைதானத்தில் நின்ற பல வைஸ்ராய் சிலைகளும் அந்தக் காலத்தில்தான் பெயர்க்கப்பட்டு பாரக்பூருக்குக் குடிபோயின. மகுடத்தின் அடையாளங்களில் அசையாமல் இருந்தது கவர்னரின் நாற்காலி ஒன்றுதான்.

மேல்சபையை ஒழிக்க வழி சொல்லியிருந்த அரசியல் சட்டம் கவர்னரைத் திருத்த வழி சொல்லவில்லை. மேல்சபையின் பலம் எழுதி அளக்கப்பட்டது: மசோதாவை முதல் தடவை மூன்று மாதம், மறுபடி ஒரு மாதம், பண மசோதாவுக்கு 14 நாள். அதற்கு மேல் அதனால் எதுவும் செய்ய முடியாது. கவர்னருக்கோ, எவ்வளவு நாள், எந்தக் காரணத்துக்கு என்ற அளவே இல்லை. பிரிட்டனில் அந்த வெற்றிடத்தை நிரப்பியது வழக்கம். இங்கே அந்த வழக்கம் வேர்விடவில்லை. லண்டன் ராஜாவை யாரும் நியமிப்பதில்லை, அவருக்குக் கட்சியும் இல்லை. கவர்னரை நியமிப்பது டெல்லி. மாநிலத்தில் வேறு கட்சி ஆண்டால், அவர் யாருக்காகப் பேசுகிறார் என்ற சந்தேகம் முதல் நாளே கூடவே வந்துவிடுகிறது.

பேரன் அணைத்த விளக்கு

2004 டிசம்பரில் இதே மாளிகைக்கு கவர்னராக வந்தார் கோபாலகிருஷ்ண காந்தி. ராஜாஜியின் மகள் வயிற்றுப் பேரன், காந்தியின் மகன் வயிற்றுப் பேரன். 2007 மார்ச் 14ல் நந்திகிராமில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தபோது, அவர் வெளிப்படையாகவே வேதனையை அறிக்கையாக விட்டார். ஆளும் இடதுசாரிகள் எரிச்சலடைந்தார்கள். மன்னர் எச்சரிப்பது பிரதமரைத் தனியே சந்திக்கும் அறையில், ஊரறிய அல்ல. ஆனால் 14 உயிர் போன பிறகு மௌனமும் நடுநிலைதானா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு மின்வெட்டு நேரத்தில், மக்கள் படும் பாட்டைத் தானும் படுவதாகச் சொல்லி அரண்மனை விளக்குகளை தினமும் இரண்டு மணி நேரம் அணைத்தார். அதையும் அரசியல் என்றார்கள். ஆனால் அவர் எந்த ஆட்சியையும் கலைக்கவில்லை.

ஜக்தீப் தன்கர் கவர்னராக இருந்தபோது சச்சரவு தினசரிச் செய்தியானது. 2022 பிப்ரவரியில் அவர் சட்டசபைத் தொடரை முடித்து வைத்தபோது சென்னையிலிருந்து ஸ்டாலின் கண்டித்தார். மாநில அரசு கேட்டபடியே செய்தேன் என்று தன்கர் பதில் சொன்னார். அதே மாதம் ஒரு வேடிக்கை. மார்ச் 7ல் சபையைக் கூட்டச் சொன்ன அமைச்சரவைக் குறிப்பில் மதியம் இரண்டு மணி, தட்டச்சுப் பிழையால் இரவு இரண்டு மணி ஆகிவிட்டது. கவர்னர் எழுத்து பிசகாமல், இரவு இரண்டு மணிக்கே சபையைக் கூட்டி உத்தரவிட்டார். அமைச்சரவை மறுபடி எழுதிக் கொடுத்த பிறகே மதியம் ஆயிற்று. அமைச்சரவை சொன்னபடி நடப்பவர் அரசியல் சட்டத் தலைவர்தான். ஆனால் ஒரு டெலிபோனில் தீர வேண்டியது உத்தரவாக வெளிவரும்போது, இரு வீடுகளுக்கும் பேச்சு இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடுகிறது.

சென்னைக்கு இது புதிதல்ல. 2023 ஜனவரியில் தமிழக சட்டசபையில் கவர்னர் ஆர்.என். ரவி உரையின் சில பகுதிகளை விட்டுவிட்டுப் படித்தபோது, தர்ம வீராவின் 1969 மீண்டும் பேசப்பட்டது. கிடப்பில் கிடந்த தமிழக மசோதாக்களுக்காக 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் கவர்னர்களுக்குக் காலக்கெடு விதித்தது. நவம்பரில் ஐந்து நீதிபதிகள், கோர்ட் காலக்கெடு விதிக்க முடியாது, ஆனால் கவர்னர் காரணமில்லாமல் காலவரையின்றி உட்கார்ந்துகொள்ளவும் முடியாது என்று கருத்துச் சொன்னார்கள். எழுதப்படாத வழக்கத்தை எழுதிவைக்கப் பார்த்து, பாதியில் நின்றிருக்கிறது.

மேல்சபையும் ஆவியாகத் திரும்பி வருகிறது. 2021 ஜூலை 6ல் மேற்கு வங்க சட்டசபை, 196க்கு 69 என்ற கணக்கில், மேல்சபை வேண்டும் என்று தீர்மானித்தது. 294 உறுப்பினர் சபைக்கு அதிகபட்சம் 98 பேர் கொண்ட மேல்சபை அமையலாம். ஆனால் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். தமிழ்நாடு இந்தப் பாதையில் போய் வந்துவிட்டது. 1986 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மேல்சபை ஒழிந்தது; 2010ல் கருணாநிதி ஆட்சியில் அதை மீட்க நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது; 2011ல் ஆட்சி மாறியதும் வேண்டாம் என்றாகிவிட்டது. இன்று ஆறு மாநிலங்களில்தான் மேல்சபை.

சாட்டர்ஜி போன்றவர்கள் உட்கார ஒரு சபை வேண்டுமா, தோற்றவர்கள் நுழைய ஒரு கொல்லைப்புறக் கதவு போதுமா என்பதில்தான் அதன் மதிப்பு. கவர்னர் மாளிகைக்கும் அதே அளவுகோல். ராஜாஜி இருந்த வீடும் தர்ம வீரா இருந்த வீடும் ஒன்றே. அரசியல் சட்டத்தின் அந்த வரிகளும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கின்றன. யார், எங்கே கையை இழுத்துக்கொண்டார் என்பது மட்டும்தான் வேறு.

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் கவுன்சில் ஹவுஸ் ஸ்ட்ரீட்டில் ஜனம் நெரிகிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களில் யாரும் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. கவுன்சிலும் இல்லை, ஹவுஸும் இல்லை. ஆனால் அரண்மனையின் விளக்குகள் எரிகின்றன. தாங்கள் போட்ட ஓட்டு அந்த வெளிச்சத்தில் பத்திரமாக இருக்கிறதா என்ற கேள்வி, பஸ்ஸில் தொங்கிப் போகும் அந்த ஜனத்துடையதுதான்.